செக்கர் வானும் நீர்வர்ணமும்



யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளை ஒன்றிடம் ஒரு வெள்ளைத் தாளையும் வர்ணப் பெட்டியையும் கொடுத்து, "பொழுதுபடுகிற காட்சியைக் கீறு, பார்ப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் இரண்டு மலைகள் வரும். மலைகளின் நடுவே அரைவட்டமாகச் சூரியன் வரும். சைக்கிள் சில்லின் கம்பிகளைப் போல அதிலிருந்து கதிர்கள் கிளம்பும். மலையடியிலிருந்து வளைந்து வளைந்து ஓர் ஆறு, ஆற்றில் ஓர் ஓடம், கரையில் ஒரு தென்னை, மேலே சரிக்குறி போட்டாற்போல நாலைந்து பறவைகள். மிச்ச இடமெல்லாம் ஒரே செம்மஞ்சள்.

இந்தக் குடாநாட்டில் மலை கிடையாது. கடல்மட்டத்துக்கு மேல் பத்துப் பதினைந்து மீற்றர் உயர்ந்தாலே எங்களுக்கு அது மேடு. கீரிமலைக்குப் பெயரில் மட்டும் மலை இருக்கிறது. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் ஆறும் இல்லை. அப்படியிருக்க இந்த மலைகள் எங்கிருந்து வந்தன? கலண்டரிலிருந்தும் வாழ்த்து மடலிலிருந்தும் வந்தன. இரவல் வாங்கிய வானம் அது. பண்ணைப் பாலத்தால் நாள்தோறும் சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளையும் அந்த இரவல் வானத்தையே கீறுகிறது. கண்ணுக்கு நேரே தகதகத்துக் கிடக்கும் கடனீரேரிக்கு அதன் தாளில் இடமில்லை.

ஆகவே இன்றைய பேச்சை, எங்கள் அந்திவானத்தை நீர்வர்ணத்தில் தீட்டப் பழகுவது பற்றியதாக அமைத்துக்கொள்கிறேன். இலக்கியத் தொடரிலே சித்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சித்திரகாரன் அல்லன். கல்லூரியில் தமிழ் படிப்பிப்பவன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தூரிகையைக் கையிலெடுத்தேன். எங்கள் கல்லூரிச் சித்திர ஆசிரியை சனி ஞாயிறுகளிலே பொறுமையோடு சொல்லித் தந்தார். அவர் சொல்லித் தந்தவற்றோடு, படித்தவையும் கண்ணால் கண்டவையும் சேர்ந்ததே இந்தப் பேச்சு.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். என் தொழில் அது. பொழுது சாய்கிற வேளைக்குத் தமிழில் எத்தனை பெயர்! அந்தி, மாலை, செக்கர், எற்பாடு. எங்கள் ஊர்க் கிழவிகள் 'மம்மல் பொழுது' என்பார்கள். 'மைம்மல்' என்பதன் திரிபு அது. தொல்காப்பியர் நாளைச் சிறுபொழுதுகளாகப் பிரித்து, எற்பாட்டை நெய்தலுக்கும் மாலையை முல்லைக்கும் வைத்தார். 'எல்' என்றால் ஞாயிறு. 'பாடு' என்றால் சாய்தல். ஒரு சிறுபொழுது பத்து நாழிகை, அதாவது நாலு மணித்தியாலம். பிற்பகல் இரண்டு மணி தொடங்கி ஆறு மணி வரைக்கும் எற்பாடு. ஆறு மணிக்கு மேல் மாலை. கணக்கைக் கவனியுங்கள். ஞாயிறு கடலைத் தொடுகிற அந்தக் கணம் நெய்தலும் முல்லையும் பொருந்துகிற மூட்டு. நாங்கள் தீட்டப்போவது அந்த மூட்டைத்தான். அதற்கு முந்தியது வெயில்; பிந்தியது இருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரைக்காலம்மையார் அற்புதத் திருவந்தாதியிலே ஒரு வெண்பாவில் இறைவனுடைய திருமேனிக்குக் காலையையும், வெண்ணீற்றுக்கு நண்பகலையும், சடைக்கு மாலையையும், கண்டத்துக்கு நள்ளிருளையும் உவமையாக்கியிருக்கிறார். இதைப் பல வருடம் வகுப்பிலே படிப்பித்திருக்கிறேன். உவமை என்று இலக்கணம் சொல்லி அப்பால் போய்விடுவது வழக்கம். தூரிகை பிடித்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. மாலைக்கு ஏன் சடை? சிவந்த மேனி இருக்கிறதே, அதைச் சொல்லியிருக்கலாமே? பங்குனி மாதத்து மாலையொன்றில் பண்ணைக் கரையில் நின்று பார்த்தபோது விடை மேற்கே கிடந்தது. அந்திவானம் பூசிவிட்ட ஒரே சிவப்பு அன்று. உயரத்திலே கீற்றுக் கீற்றாகப் பிரிந்து, நுனி சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்து கிடக்கும் முகில் இழைகளில்தான் சிவப்பு ஏறுகிறது. இழைகளுக்கு இடையே வானம் வெளிறித் தெரிகிறது. சடைக்கற்றையே தான். அம்மையார் வானத்தை நன்றாகப் பார்த்திருக்கிறார். பிள்ளைகளின் தாளில் உள்ள ஒரே செம்மஞ்சளுக்கு மாற்று அந்த வெண்பாவிலேயே இருக்கிறது.

வானம் ஏன் சிவக்கிறது என்பது எல்லோரும் விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான். காற்றின் நுண்ணிய மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பொளியைக் குறைவாகவும் சிதறச் செய்கின்றன. 1871 இல் இங்கிலாந்தின் ராலே பிரபு இதற்குக் கணக்கெழுதினார். உச்சியில் நிற்கும் ஞாயிற்றின் ஒளி கடந்து வருகிற காற்றைப் போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றை, அடிவானத்து ஞாயிற்றின் ஒளி கடந்து வரவேண்டியிருக்கிறது. வழியிலேயே நீலம் சிந்திப்போய்விட, எஞ்சியது எங்களிடம் வருகிறது. அதிலே சித்திரம் பழகுபவர் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி வேறொன்று. ஞாயிறு கடலைத் தொட்டுக்கொண்டு நிற்பதாக நாங்கள் காணும்போது, உண்மையில் அது அடிவானத்தின் கீழே போய்விட்டது. காற்று ஒளியை வளைத்து அதன் உருவத்தைத் தூக்கிக் காட்டுகிறது. நாங்கள் பார்ப்பது, போய்விட்ட ஒன்றை.

இனிப் பட்டறைக்கு வருவோம்.

நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். எண்ணெய் வர்ணம் போல இருட்டின் மேல் வெளிச்சத்தைப் பூச முடியாது. எது ஒளியாக நிற்க வேண்டுமோ அந்த இடத்தைத் தொடாமல் விடவேண்டும். ஆகவே அந்திவானத்தில் மிகப் பிரகாசமான பொருளாகிய ஞாயிற்றை நாங்கள் தீட்டுவதே இல்லை. அதைச் சுற்றியுள்ளதைத் தீட்டுகிறோம். ஆங்கில ஓவியர் ரேர்னர் 1830 களில் தீட்டியதாகக் கருதப்படும் செவ்வந்திக் காட்சி ஒன்று லண்டன் ரேற் காட்சிக்கூடத் தொகுப்பில் இருக்கிறது. உள்ளங்கையகலத்தினும் சற்றுப் பெரிய தாள். அவர் செய்த குறும்பு என்னவென்றால், நீலத் தாளை எடுத்துக்கொண்டார். அதனால் ஞாயிற்றையும் நீரில் அதன் நிழலையும் வெள்ளை கலந்த தடித்த வர்ணத்தால் வைக்க வேண்டியதாயிற்று. விதியை மீறினார், ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு மீறினார். பழகுபவர்கள் வெள்ளைத் தாளோடு தொடங்குவதே நல்லது.

அந்தத் தாள் தடித்ததாக இருக்க வேண்டும். பாடசாலைச் சித்திரக் கொப்பியின் ஒற்றை, தண்ணீர் பட்டவுடன் வரப்பும் வாய்க்காலுமாக நெளிந்துவிடும். பள்ளங்களில் வர்ணம் தேங்கும். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள பருத்தித் தாள் சிறந்தது. விலை கூடத்தான். பெரிய தாளொன்றை வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால் கட்டுப்படியாகும். தாளைப் பலகையில் நாலு பக்கமும் ஒட்டி, தலைப்பக்கத்துக்குக் கீழே ஒரு புத்தகத்தை வைத்துச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருங்கள். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. கரையோரக் கிணறுகள் சிலவற்றில் சவர் வேறு. உப்புத் தண்ணீர் தாளில் காய்ந்தால் பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

பிறகு தாள் முழுவதையும் சுத்தத் தண்ணீரால் நனைக்க வேண்டும். இங்கேதான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. நனைத்த தாள் நாலு நிலைகளைக் கடக்கிறது. முதலில் குளம் போல நீர் நிற்கும். அப்போது வைத்த வர்ணம் திசைகெட்டு ஓடும். அடுத்து, கண்ணாடி போன்ற பளபளப்பு. அதுதான் பரந்த வானத்துக்குரிய நேரம். அடுத்து பளபளப்பு மங்கிப் பட்டுத்துணி போன்ற மினுக்கம், அது முகில்களுக்கு. பிறகு மினுக்கமும் போய்விடும். தாள் காய்ந்ததுபோலத் தோன்றும். புறங்கையால் தொட்டால் குளிர்ந்திருக்கும். இந்த நாலாவது நிலை ஆபத்தானது. இப்போது ஈரமான தூரிகையால் தொட்டீர்களோ, தண்ணீர் உள்ளே புகுந்து ஏற்கெனவே உள்ள வர்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோவா விளிம்பு போல ஒரு கறையை விட்டுவிடும். கையை எடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகவேண்டிய நேரம் அது.

இந்த நிலைகள் எவ்வளவு நேரம் நிற்கும்? இங்கிலாந்துப் புத்தகங்களில் உள்ள நிமிடக் கணக்கு எங்களுக்கு உதவாது. எங்கள் கணக்கைக் காற்றுச் சொல்லும். வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால், மூன்றாவது நிலையைக் கண்ணால் காணும் முன்னே தாள் காய்ந்துவிடும். இரண்டு தரம் நனைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வாடை ஈரத்தோடு வரும்போது பளபளப்பு நெடுநேரம் நிற்கும். பொறுமையில்லாதவர் கை துறுதுறுக்கும். கடற்றொழிலாளி காற்றைப் பார்த்துத் தோணியைத் தள்ளுவதுபோல, நீர்வர்ணக்காரரும் காற்றைப் பார்த்தே தூரிகையைத் தொட வேண்டும். எங்கள் ஆசிரியை இதைத் தம்முடைய பாணியில் சொல்லுவார்:

"சேர், தண்ணிக்கு முன்னால ஓடாதேங்கோ. அது போற இடத்தைப் பாத்துப் பின்னால போங்கோ."

ஈரத்தாளை நம்பித் தீட்டும் முறைக்கு எங்கள் பக்கத்திலும் ஒரு வரலாறு உண்டு. 1903 இல் ஜப்பானிய ஓவியர் யொகொயாமா தைக்கான் கல்கத்தாவுக்கு வந்தபோது, அவனீந்திரநாத் தாகூர் அவருடைய கைவண்ணத்தைக் கவனித்தார். தீட்டிய தாளையே நீரில் நனைத்தெடுத்து, மறுபடி தீட்டி, மறுபடி நனைத்து, புகை படிந்தாற்போன்ற மெல்லிய நிறத்தைக் கொண்டுவரும் வழியை வங்காளத்தார் வளர்த்தெடுத்தார்கள். 1905 இல் அவனீந்திரநாத் தீட்டிய பாரதமாதாவின் பின்னணியில் உள்ள அந்த மங்கல், தண்ணீரின் வேலை.

இனி நிறம். அந்திவானத்தில் ஞாயிற்றை அண்டி மஞ்சள், அதற்கு மேல் செம்மஞ்சள், அதற்கு மேல் ரோசா, உச்சியை நோக்கி நீலம். வானத்தில் மஞ்சளும் நீலமும் அடுத்தடுத்து நிற்கும், பச்சையாவதில்லை. ஒளியோடு ஒளி கலப்பது வேறு, சாயத்தோடு சாயம் கலப்பது வேறு. தாளில் மஞ்சளுக்கு மேல் நீலம் வந்து முட்டினால் வாழையிலைப் பச்சையே வரும். பச்சை வானத்தின் கீழே பாவம், ஒரு சிவப்புச் சூரியன்! இதற்கு வழி, இரண்டுக்கும் நடுவே ரோசாவை விட்டுவிடுவது. அல்லது வெறும் தண்ணீரை விட்டு, இரண்டு நிறமும் ஒன்றையொன்று தொடாமல் வெளிறிப்போகச் செய்வது. இரண்டாவது வழியே எனக்கு விருப்பம். மேற்கு வானத்தில் அப்படியொரு நிறமற்ற இடைவெளி உண்மையாகவே இருக்கிறது. ஒருநாள் நின்று பாருங்கள்.

செம்மஞ்சளும் நீலமும் கலந்தால் சாம்பல் வரும். அளவு மீறினால் சேறு வரும். சேற்றுக்கு அஞ்சி முகிலுக்குக் கறுப்பு வர்ணத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். வானத்துக்கு எடுத்த அதே நீலத்தையும் அதே சிவப்பையும் கலந்து வரும் சாம்பலையே முகிலின் நிழலுக்கு வையுங்கள். முகிலுக்கும் வானத்துக்கும் உறவு இருக்கும். ஞாயிறு சாய்ந்த பிறகு முகிலின் அடிவயிற்றில் வெளிச்சமும் முதுகில் நிழலும் விழும். பகலிலே பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். தாழ்ந்த முகில் முதலில் அணையும். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் உள்ள கீற்று முகில், அம்மையாரின் சடை, கடைசியாக அணையும். காய்ந்தால் நீர்வர்ணம் ஒரு படி வெளிறும் என்பதால், கண்ணுக்குச் சற்று அதிகம் என்று படும் அளவுக்கு வர்ணத்தை எடுங்கள்.

சிவப்பு என்றதும் ஒரு வரலாறு சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அந்திவானத்து ரோசாவுக்கு ஓவியர்கள் வழக்கமாக எடுக்கும் அலிசரின் சிவப்பு, 1868 இல் ஜேர்மனியில் இரசாயன முறையில் ஆக்கப்பட்டது. அதற்கு முன் அலிசரின் செடியின் வேரிலிருந்தே வந்தது. ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்து வேர், எங்களிடம் சாயவேர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களில் தானாக முளைக்கும் சிறு பூண்டு அது. இம்பூறல் என்றும் சொல்வார்கள். 1658 முதல் 1795 வரை இங்கே ஆண்ட ஒல்லாந்தர் அதைத் தங்கள் வருவாய்க்குரிய பொருளாகவே வைத்திருந்தனர். சோழமண்டலக் கரையின் பெயர்பெற்ற சிவப்புத் துணிகளுக்கு ஏறிய நிறம் இந்த வேரின் நிறம். இரசாயனச் சாயம் வந்ததும் வேர்த்தொழில் அழிந்தது. இன்று கடையில் வாங்கும் சிறு ரியூப்புக்குள்ளே இருக்கும் பொருள், எங்கள் மணலுக்குள்ளே கிடந்ததுதான். ஒரு குறையும் சொல்ல வேண்டும்: அலிசரின் வெளிச்சத்தில் மங்கும். சுவரில் மாட்டப்போகிற படத்துக்கு அதை நம்பாதீர்கள்.

வர்ணமும் தாளும் தயாரானாலும் வானம் காத்திருக்காது. எங்கள் நாட்டிலே ஞாயிறு ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்த பிறகு, வெளியில் வேலை பார்க்கக்கூடிய வெளிச்சம் ஏறத்தாழ 22 நிமிடம். லண்டனில் கோடையில் அது முக்கால் மணித்தியாலத்துக்கு மேலே போகும். இதற்குள் நனைத்து, தீட்டி, காயவிட்டு முடிக்க இயலாது. ஆகவே களத்தில் குறிப்பெடுப்பது, வீட்டில் தீட்டுவது என்ற முறையே எங்களுக்கு ஏற்றது. நேரத்தைக் கணிக்க ஒரு சிறு உபாயம்: கையை நேரே நீட்டி, கடலுக்கும் ஞாயிற்றுக்கும் நடுவே விரல்களைக் கிடையாகப் பிடியுங்கள். ஒரு விரலகலம் ஏறத்தாழ எட்டு நிமிடம். நாலு விரல் இருந்தால் அரை மணித்தியாலம் இருக்கிறது.

குறிப்பெடுப்பதில் ஒருவரை மறக்க முடியாது. 1883 ஓகஸ்ற் 26, 27 ஆம் திகதிகளில் சுந்தா நீரிணையிலே கிரக்கற்றோவா எரிமலை வெடித்தது. அதன் தூசும் ஆவியும் வான்மண்டலத்தில் உலகைச் சுற்றின. அடுத்த மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஞாயிறு பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்ததாகப் பதிவுகள் உண்டு. இங்கிலாந்தில் அந்த ஆண்டு இறுதியில் அந்திவானம் தீப்பற்றினாற்போல எரிந்தது. வில்லியம் அஸ்குரொப்ற் என்னும் ஓவியர் லண்டன் செல்சியில் தேம்ஸ் கரையில் நின்று, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வானத்தை வர்ணக்கட்டியால் விரைந்து விரைந்து பதிந்தார். ஐந்நூறுக்கு மேற்பட்ட சிறு படங்கள்! அவற்றில் சில 1888 இல் றோயல் சங்கத்தின் கிரக்கற்றோவா அறிக்கையில் முகப்புப் படமாக அச்சாகின. ஒவ்வொன்றும் பெரிய ஓவியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி, பார்த்த நேரத்தோடு குறித்த மனிதர். இந்த ஒழுக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கினால் மலைகள் தாமாகவே மறைந்துவிடும்.

எங்கள் மண்ணிலும் அப்படிப் பழக்கியவர்கள் இருந்தார்கள். எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்ஸர் சித்திரக் கழகத்தை நிறுவினார். வின்ஸர் என்றதும் சிலருக்கு வர்ணக் கம்பனியின் பெயர் நினைவுக்கு வரும், அது வேறு. இவர் 1920 களில் இலங்கையின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த சி. எப். வின்ஸர். பின்னர் 1959 இல் விடுமுறைக்கால ஓவியர் கழகம் எழுந்தது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் அ. மாற்கு. தொழில் பார்ப்பவர்கள் ஓய்வு நாளில் கூடித் தீட்டினார்கள் என்பதைப் பெயரே சொல்லுகிறது. சனி ஞாயிறில் தூரிகை பிடிக்கும் என்போன்றவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு தைரியம். 1987 இல் அவரைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலர் வெளிவந்தது. 1995 இடப்பெயர்விலே தம் ஓவியங்கள் பலவற்றை அவர் இழந்தார். 2000 இல் மறைந்தார்.

அந்த இடப்பெயர்வைச் சிறுவனாகக் கண்டவன் நான். எங்கள் தலைமுறை வானத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்க்கப் பழகியது. இரைச்சலை வைத்தே பொம்பரா, ஹெலியா, சகடையா என்று சொல்லிவிடுவோம். வானம் தெளிந்திருந்தால் பெரியவர்கள் முகம் கறுக்கும். முகில் மூடினால் ஆறுதல். அழகிய அந்தி என்று வாய்திறந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் அந்த வானத்தோடு எங்களுக்கு ஓர் உறவு இருந்தது. 1990 இல் மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கை, எவ்வளவு பிந்தி ஏற்றலாமோ அவ்வளவு பிந்தி அம்மா ஏற்றுவார். "வெளிச்சம் இருக்குமட்டும் முத்தத்தில இருந்து படி, தம்பி" என்பார். ஆகவே செக்கரின் ஒவ்வொரு படியும் எனக்குப் புத்தகத்தின் மேல் விழுந்த வெளிச்சமாகவே தெரியும். பெரிய எழுத்துத் தெரியும், சிறிய எழுத்து மறையும். பிறகு வரி மட்டும் தெரியும். பிறகு தாள் மட்டும்.

சித்திரம் பழகும்போது இது எனக்குக் கைகொடுத்தது. நிறத்தைவிட முக்கியமானது ஒளியின் அளவு என்று ஆசிரியை சொன்னபோது, அதற்குப் புத்தக விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நிறங்கள் அடங்கி, எது வெளிச்சம் எது இருள் என்பது மட்டும் தெரியும். அதைப் பென்சிலால் நாலு படிகளாகக் குறித்துக்கொண்டுதான் வர்ணத்தைத் தொட வேண்டும். முற்றத்துச் செவ்வரத்தம் பூவையும் கவனியுங்கள். பொழுது மங்க மங்கப் பூ முதலில் கறுத்துவிடும். இலைகள் அதற்குப் பிறகும் நெடுநேரம் வெளிறித் தெரியும். 19 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செக் நாட்டு உடலியல் அறிஞர் பூர்க்கின்யே இதைக் கண்டறிந்தார். மங்கல் வெளிச்சத்தில் எங்கள் கண்ணுக்குச் சிவப்பு முதலில் இருண்டுவிடும். நீலம் பிந்தியே இருளும். ஆகவே மம்மல் பொழுதின் நிலப்பகுதியில் சிவப்பு ஓட்டு வீட்டைச் சிவப்பாகவே தீட்டினால் பொய்யாகிவிடும். கபிலமும் நீலமும் கலந்த இருளாக வைக்க வேண்டும்.

உணர்ச்சி வரவேண்டும் என்பதற்காகச் சிவப்பை அள்ளிக் கொட்டுபவர்கள் உண்டு. அந்திவானம் என்றாலே கோலாகலம் என்று ஒரு நினைப்பு. எனக்கு உடன்பாடில்லை. கோலாகலமான மாலையும் உண்டு, கூடடைந்த பிறகு வெளியில் ஒரு காகமும் இல்லாத மாலையும் உண்டு. இரண்டாவதைத் தீட்ட விரும்பியபோது நான் தாளில் மூன்றில் இரண்டு பங்கைச் சாம்பலுக்குக் கொடுத்தேன். கீழே ஒரு விரலகலத்துக்கு வெளிறிய ரோசா. அடியில் பனைகளின் கருவரி. பனைகளுக்கு நடுவே அரிசியளவு ஒரு வெள்ளைப் புள்ளி, தாளைத் தொடாமல் விட்டது. பார்த்தவர்களில் என் வயதுக்காரர் ஒருவர், "ஜாம் போத்தலோ?" என்று கேட்டார். இளையவர்கள் வெள்ளி முளைக்கிறது என்றார்கள். இரண்டும் சரியே.

பனையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்திவானத்துக்கு முன்னே பனையைத் தீட்டும்போது ஓலைகளை ஒவ்வொன்றாகக் கீற வேண்டாம். வானம் முற்றாகக் காய்ந்த பிறகு, கெட்டியான கருநீலத்தால் தலையை ஒரு பந்தாக வைத்து, விளிம்பை மட்டும் காய்ந்த தூரிகையால் பிய்த்துவிடுங்கள். எல்லாப் பனையும் ஒரே உயரமாக நிற்க வேண்டாம். மொட்டைப் பனை ஒன்றும் இருக்கட்டும். எங்கள் ஊரில் தலை பறிபோன பனைகளுக்குக் குறைவிருக்கவில்லை. சமதரை நாட்டுக்காரருக்கு அடிவானக் கோட்டைத் தாளின் நடுவில் போடும் ஆசை வரும். கீழே ஆறிலொரு பங்குக்கு இறக்குங்கள். மலையில்லாத நாட்டின் செல்வமே வானம். அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் திரும்பிக் கிழக்கே பாருங்கள். ஞாயிறு மறைந்து சில நிமிடங்களில், கிழக்கு அடிவானத்திலிருந்து சாம்பல் நீலமாக ஒரு பட்டை எழும். அதன் மேல் மெல்லிய ரோசாவாக இன்னொரு பட்டை. நீலப் பட்டை, பூமியின் நிழல். நாங்கள் நிற்கிற இந்தப் பூமி தன் நிழலைக் காற்றின் மேல் எறிகிறது. மலையுள்ள நாட்டார் இதைக் காண உயரமான இடம் தேட வேண்டும். எங்களுக்குப் பண்ணைத் தாம்போதியும் காரைநகர்க் கரையும் போதும். பழகுபவர்கள் முதலில் இதைத் தீட்டிப் பார்க்கலாம். நனைத்த தாளில் நடுவே மிக ஐதான ரோசா ஒரு வீச்சு, பளபளப்பு மங்கியதும் அடியில் நீலச்சாம்பல் ஒரு வீச்சு, அவ்வளவே. ஞாயிறு இல்லை, கதிர் இல்லை, முகில்கூட வேண்டியதில்லை. நவம்பர் தொடக்கத்தில் மாலை 5.45 அளவிலும், ஜூலையில் 6.35 அளவிலும் பொழுதுபடும். ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் அது தெளிவாக நிற்காது.